மேஸ்திரியிடம் கொடுத்த பணமும் வாசலில் நிற்கும் ஆட்களும்

தென் மாவட்டம் ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவரும் கணவரும் வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டியிருக்கிறார்கள். சாமான்களை இவர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். ஆள் கூலியை மட்டும் சதுர அடிக் கணக்கில் ஒரு மேஸ்திரியிடம் பேசி முடித்தார்கள். பூச்சு வேலை முடியும் தறுவாயில் மேஸ்திரி வேறு ஊரில் வேலை பிடித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டார். கடைசி 12 நாள் வேலை செய்த ஆறு பேருக்கு அவர் கூலியைத் தீர்க்கவில்லை. நாளுக்கு 1,000 ரூபாய்க் கூலியில் இரண்டு கொத்தனார்கள், 600 ரூபாய்க்கு இரண்டு சித்தாள் பெண்கள், 700 ரூபாய்க்கு ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள். மொத்தம் 55,200 ரூபாய். சனிக்கிழமைகளில் செலவுக்கென்று மேஸ்திரி கொடுத்த 7,200 போக, 48,000 ரூபாய் நிற்கிறது. அந்த ஆறு பேரும் மூன்று முறை இவருடைய வாசலுக்கு வந்து கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும், "மேஸ்திரியிடம் பேசுகிறேன், அடுத்த வாரம் வாருங்கள்" என்று அனுப்பியிருக்கிறார்.

"பேசிய பணத்தை மேஸ்திரியிடம் கொடுத்தாயிற்று. நம்முடையதை நம் இஷ்டப்படி செய்ய நமக்கு அதிகாரம் உண்டு, திராட்சத்தோட்டத்து எஜமானும் அதைத்தானே சொன்னான்" என்பது கணவரின் வாதம். கொத்தனார்களில் ஒருவர் இவர்களுடைய சபையைச் சேர்ந்தவர். தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கப்போவதாக அவர் சொன்னதும், சபை மூப்பர் ஒருவர் கொரிந்தியர் நிருபத்தைக் காட்டி, விசுவாசி விசுவாசியின்மேல் வழக்குக்குப் போகலாகாது என்று கண்டித்திருக்கிறார். அடுத்த மாதம் வீட்டுப் பிரதிஷ்டை. 300 பேருக்குச் சாப்பாடு ஏற்பாடாகிவிட்டது. அன்று ஆறு பேருக்கும் வேட்டியும் சேலையும் எடுத்துக் கொடுத்துச் சமாதானமாகிவிடலாமா என்று யோசிக்கிறார். "சட்டப்படி நாங்கள் கொடுத்தாக வேண்டுமா? கொடுக்காவிட்டால் அது பாவமா? இரண்டு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நேராகவே சொல்கிறேன். சட்டம் உங்களை விட்டுவிடக்கூடும். வேதம் விடாது.

இதற்கு முன் உங்கள் கடிதத்திலேயே உள்ள ஒரு வரியைச் சுட்டிக்காட்ட வேண்டும். "கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துவிட்டோம்" என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது, மாடிக் குளியலறையில் நீர் கசிவதால் மேஸ்திரியின் கடைசித் தவணை 60,000 ரூபாயைப் பிடித்து வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கொடுத்துவிட்ட பணத்தை இரண்டாம் முறை கொடுக்கச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை. ஆறு பேருடைய உழைப்புக்கான பணம் இன்னும் உங்கள் வங்கிக் கணக்கில்தான் கிடக்கிறது. கணவரோடு பேசும்போது இந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

சட்டம் எதுவரை வரும்

ஆட்களை அமர்த்தியவர் மேஸ்திரி. கூலிக்கு முதல் பொறுப்பாளி அவர்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, நாள்கூலியை அன்றைய வேலை முடியும்போதே கொடுக்க வேண்டும் என்கிறது. வாரக் கூலியானால் வார விடுமுறைக்கு முன்பு கொடுத்துவிட வேண்டும். வராத கூலியைக் கேட்டு மனு கொடுக்க மூன்று ஆண்டுகள் வரை அவகாசமும் உண்டு. எனவே மேஸ்திரி தப்ப முடியாது.

உங்கள் நிலை வேறு. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால், வேலையின் பலனைப் பெறும் முதன்மை முதலாளி அதைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அது குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் நிறுவனங்களுக்கானது. ஆறு பேர் வேலை செய்த சொந்தக் குடியிருப்பை நிறுவனம் என்று நிலைநாட்டுவது கடினம். மனு கொடுக்கப்பட்டால் அதிகாரி உங்களையும் விசாரிக்கலாம். பணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவு வரும் வாய்ப்பு குறைவு.

இந்த ஓட்டை இன்று நேற்று உண்டானதல்ல. கூலியைத் தாமதிக்கலாகாது என்ற மோசேயின் கட்டளையை அலசிய யூத ரபிமார் இதே இடத்தில் நின்று யோசித்திருக்கிறார்கள். "எனக்கு ஆள் பிடித்து வா" என்று ஒருவன் இன்னொருவனை அனுப்புகிறான். கூலி தாமதமாகிறது. யார் கட்டளையை மீறியவர்? இருவருமே இல்லை என்று அந்த ரபிமாரின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் என்ற நூல் சொல்கிறது. வீட்டுக்காரன் ஆளை அமர்த்தவில்லை. அமர்த்தியவனிடத்தில் வேலை நடக்கவில்லை. நடுவில் ஓர் ஆள் வந்துவிட்டால் பொறுப்பு எப்படி நழுவிவிடும் என்பதை அவர்கள் அன்றே கண்டிருந்தார்கள். உங்கள் கணவர் நிற்பதும் அந்த இடத்தில்தான். சட்டம் தெரிந்தவர்கள் அங்கே நிற்க இடம் உண்டு என்றுதான் சொல்வார்கள். அங்கே தொடர்ந்து நிற்கலாமா என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி.

திராட்சத்தோட்டத்து எஜமான் செய்தது என்ன

கணவர் எடுத்துக்காட்டிய உவமையை (மத்தேயு 20) இருவருமாக உட்கார்ந்து மெதுவாக வாசியுங்கள். அந்த எஜமான் "என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா" என்று கேட்டது எப்போது? பேசிய கூலியான ஒரு பணத்தை எல்லாருக்கும் முழுதாகக் கொடுத்த பிறகு. ஒரு மணி நேரமே வேலை செய்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்ததைப் பற்றி எழுந்த முறுமுறுப்புக்கு அவன் சொன்ன பதில் அது. கூடுதலாகக் கொடுக்கும் உரிமையைத்தான் அவன் கேட்டான். கொடுக்காமல் இருக்கும் உரிமைக்கு அந்த வசனத்தில் இடமே இல்லை.

உங்கள் வழக்குக்கு இன்னும் பொருத்தமான ஒன்று அந்த உவமையில் இருக்கிறது. எஜமானுக்கும் ஒரு காரியக்காரன் உண்டு. பொழுது சாய்ந்ததும் எஜமான் அவனிடம்தான் கூலி கொடுக்கச் சொல்கிறான். பணம் அவன் கை வழியாகத்தான் போகிறது. ஆனால் மனக்குறை எழுந்தபோது வேலையாட்கள் காரியக்காரனிடம் போகவில்லை. வீட்டெஜமானை நோக்கி முறுமுறுத்தார்கள். அவனும், "கணக்கெல்லாம் காரியக்காரனிடம், அங்கே போய்க் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பவில்லை. "சிநேகிதனே" என்று அழைத்து, பேசியது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு என்று தானே கணக்குச் சொல்கிறான். உங்கள் வாசலுக்கு மூன்று முறை வந்தவர்களை நீங்கள் மூன்று முறை மேஸ்திரியிடம் திருப்பி அனுப்பினீர்கள். இயேசு காட்டிய எஜமான் அதைச் செய்யவில்லை.

"அடுத்த வாரம் வாருங்கள்" என்று நீங்கள் சொன்னது கெட்ட எண்ணத்தில் அல்ல என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஆனால் உன்னிடத்தில் பொருள் இருக்கையில் அயலானிடம், போய்த் திரும்ப வா, நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே என்கிறது நீதிமொழிகள் 3:28. உபாகமம் 24-ஆம் அதிகாரமோ ஏழைக் கூலியாளின் கூலியை வேலை செய்த அன்றே, "பொழுதுபோகுமுன்னே" கொடுக்கச் சொல்கிறது. அவன் கர்த்தரிடம் முறையிட்டால் அது உனக்குப் பாவமாயிருக்கும் என்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் தேட வேண்டியதே இல்லை. கேள்வியில் உள்ள அதே சொல் அந்த வசனத்தில் இருக்கிறது. அந்தக் கட்டளை உன் சகோதரனுக்கு மட்டுமல்ல, உன் வாசல்களிலுள்ள அந்நியனுக்கும் உரியது என்பதையும் கவனியுங்கள். உங்கள் கடிதத்தில் கொத்தனாருக்கு நான்கு பக்கம். ஒடிசா இளைஞர்களுக்கு ஒரு வரி. அவர்களுக்கு இங்கே சபையும் இல்லை, சொந்தமும் இல்லை, தமிழில் வழக்குப் பேசத் திராணியும் இல்லை.

நீங்கள் வீடு கட்டியிருப்பதால் எரேமியா 22-ஐயும் சொல்லியாக வேண்டும். யூதாவின் ராஜாவான யோயாக்கீம் பார்வோன் நேகோவுக்குக் கப்பம் கட்ட ஜனங்களிடம் வெள்ளியும் பொன்னும் தண்டியவன். அதே ஆட்சியில் விசாலமான மேலறைகளும் கேதுருப் பலகையும் சிவப்புச் சாயமுமாகத் தனக்கு அரண்மனை கட்டினான். அயலானிடம் வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு ஐயோ என்று எரேமியா சொன்னது அவனைப் பார்த்துத்தான். அரண்மனை வேலையில் ராஜாவுக்கும் ஆட்களுக்கும் நடுவே எத்தனை கண்காணிகள் இருந்திருப்பார்கள்! தீர்க்கதரிசி அவர்களைத் தேடிப் போகவில்லை. அந்த வீட்டில் குடியிருக்கப்போகிறவனிடம் பேசினார்.

கசியும் குளியலறை

இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் முதல் மழைக்கே சுவர் ஊறினால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் வேலையின் தரத்துக்குப் பொறுப்பேற்று உங்களோடு ஒப்பந்தம் பேசியவர் மேஸ்திரி. கலவைச் சட்டி சுமந்த பெண்ணோ, செங்கல் ஏற்றிய இளைஞனோ அதற்கு உத்தரவாதம் தரவில்லை. தொழிலாளியே சேதம் செய்திருந்தாலும், அது அவருடைய கவனக்குறைவால் நேர்ந்தது என்று தெரிய வேண்டும், விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும், அதன் பிறகே கூலியில் பிடிக்கலாம் என்பது சட்டம். குளியலறைத் தளத்தை யார் பூசினார் என்றே தெரியாமல் ஆறு பேரையும் காக்க வைப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

தல்மூத்தில் ஒரு வழக்கு வருகிறது. ரப்பா என்ற அறிஞரின் சுமையாட்கள் அவருடைய திராட்சரசப் பாத்திரத்தை உடைத்துவிட்டார்கள். அவர் நஷ்டத்துக்கு ஈடாக அவர்களுடைய மேலாடைகளைப் பிடுங்கிக்கொண்டார். வழக்கு ராவ் என்ற ஆசானிடம் வந்தது. ஆடைகளைத் திருப்பிக் கொடு என்றார் ராவ். "இதுதான் சட்டமா?" என்று கேட்டார் ரப்பா. "ஆம், நல்லவர்களின் வழியிலே நட என்று எழுதியிருக்கிறது" என்றார் ராவ். ஆடையை வாங்கிக்கொண்ட ஆட்கள், "நாங்கள் ஏழைகள், பகல் முழுவதும் உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றும் இல்லை" என்றார்கள். கூலியையும் கொடு என்றார் ராவ். "இதுவும் சட்டமா?" "ஆம், நீதிமான்களின் பாதைகளைக் காத்துக்கொள் என்று எழுதியிருக்கிறது." அவர் காட்டிய வசனம் நீதிமொழிகள் 2:20, உங்கள் வேதாகமத்திலும் அது இருக்கிறது. அந்த ஆட்கள் தங்கள் கையாலேயே சேதம் செய்தவர்கள். உங்கள் ஆறு பேர் அதுவும் செய்யவில்லை.

மனு கொடுப்பது குற்றமா

மூப்பர் காட்டிய 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தை நான் பலமுறை இப்படிப் பயன்படுத்தக் கண்டு வருந்தியிருக்கிறேன். அங்கே பவுல் கேட்பது, சகோதரருக்குள் வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையா என்று. அது சபைக்கு வைத்த கேள்வி. மூப்பர் கொத்தனாரைக் கண்டிக்கும் முன் இரு தரப்பையும் உட்கார வைத்துக் கணக்குக் கேட்டிருக்க வேண்டும். அடுத்து, நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்கள் என்று பவுல் கடிந்துகொள்வது கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவர்களை. நஷ்டத்தைச் சகித்துக்கொள் என்ற வார்த்தையைக் கூலி வராதவனிடம் சொல்லும் தகுதி, கூலியைக் கையில் வைத்திருப்பவருக்கு இல்லை.

கூலியாள் அதிகாரியிடம் முறையிடுவது வேதாகமக் காலத்துக்கு அந்நியமானதும் அல்ல. 1960-இல் இஸ்ரேலின் கடலோரத்தில் மெசாத் ஹஷாவ்யாஹு என்ற பழைய கோட்டையில், மை கொண்டு எபிரேயத்தில் எழுதிய ஒரு மட்பாண்ட ஓடு கிடைத்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. எரேமியாவின் காலத்தை ஒட்டியது. அறுவடை ஆள் ஒருவன் அதிகாரிக்கு அனுப்பிய மனு அது. என் பங்கு வேலையை முடித்துவிட்டேன், ஆனாலும் ஹோஷாயாஹு என்பவன் என் மேலாடையை எடுத்துக்கொண்டான், வெயிலில் என்னோடு அறுத்தவர்கள் எனக்குச் சாட்சி சொல்வார்கள், ஆடையைத் திருப்பித் தரச் செய்யுங்கள் என்கிறான். உங்கள் சபைக் கொத்தனார் கேட்பது இதைவிட அதிகமாக ஒன்றும் இல்லை. அவர்மேல் உள்ள வருத்தத்தை விட்டுவிடுங்கள். மனு கொடுக்க வேண்டாம் என்று யாரைக் கொண்டும் அவரை நெருக்க வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது

முதலில் கணக்கைச் சரிபாருங்கள். ஆள் வருகைக் கணக்கை மேஸ்திரி ஒரு நோட்டில் எழுதியிருப்பார். கிடைக்காவிட்டால் ஆறு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களும் தினமும் வேலையைப் பார்த்தவர். யார் எத்தனை நாள் வந்தார் என்பது ஓரளவு நினைவிருக்கும்.

இரண்டாவது, மேஸ்திரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இத்தனை பேருக்கு இவ்வளவு கூலி நிற்கிறது, உங்களுக்குத் தர வேண்டிய 60,000 ரூபாயிலிருந்து அவர்களுக்கு நேரடியாகக் கொடுத்துக் கழித்துக்கொள்கிறேன், ஆட்சேபம் இருந்தால் ஐந்து நாளுக்குள் சொல்லுங்கள் என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வரும்படி அஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவையுங்கள். அவர் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் பிரச்சினை அதோடு முடிந்தது. வராமல் இழுத்தடித்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுச் செய்யலாம். மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமானது.

இதில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரியின் சம்மதம் இல்லாமல் நீங்கள் ஆட்களுக்குக் கொடுத்தால், "உங்களை யார் கொடுக்கச் சொன்னது? என் தவணையைக் கொடுங்கள்" என்று அவர் வழக்குப் போடலாம். நோட்டீசும் ரசீதுகளும் கையில் இருந்தால் அந்த வழக்கில் உங்கள் நிலை பலமானது. அப்படியும் எல்லாம் எதிராகப் போய், 60,000 முழுவதையும் அவருக்குக் கட்ட நேர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் நஷ்டம் 48,000 ரூபாய். பெரிய தொகைதான், வங்கித் தவணை கட்டும் குடும்பத்துக்கு அது வலிக்கும். ஆனால் பிரதிஷ்டைச் சாப்பாட்டுக்கு நீங்கள் எழுதியிருக்கும் செலவு இதைவிட அதிகம். நஷ்டத்தைச் சகிப்பது பற்றிப் பவுல் சொன்னதை யாராவது கேட்க வேண்டுமென்றால், இந்த வழக்கில் அதைத் தாங்கக்கூடிய நிலையில் இருப்பவர் நீங்கள்.

ஐந்து நாள் முடிந்ததும் மேஸ்திரியின் பதிலுக்காக மேலும் காத்திருக்க வேண்டாம். பிரதிஷ்டைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனத்தை (மத்தேயு 5:24) நீங்கள் அறிவீர்கள். வேட்டியும் சேலையும் தாராளமாக எடுத்துக் கொடுங்கள். வீடு முடிந்ததும் வேலை செய்தவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுப்பது நம் ஊரில் உள்ள நல்ல வழக்கம். ஆனால் கூலி பாக்கி நிற்கும்போது நீட்டுகிற சேலையை அந்தப் பெண்கள் எந்த மனதோடு வாங்குவார்கள்?

அந்தப் பெண்களைப் பற்றி இன்னொன்று. ஒடிசா இளைஞர்களும் அவர்களும் செய்தது ஒரே சுமை வேலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூலி மட்டும் 100 ரூபாய் குறைவு. ஒரே வேலைக்கு ஆண் பெண் என்று பார்த்துக் கூலியைக் குறைக்கலாகாது என்பது 1976 முதல் இந்த நாட்டில் சட்டம். கட்டட வேலையில் அதை யாரும் மதிப்பதில்லை. 12 நாளுக்கு, இரண்டு பேருக்குமாக 2,400 ரூபாய் வருகிறது. இதை மேஸ்திரியின் கணக்கில் கழிக்க முடியாது. உங்கள் கையிலிருந்து கொடுத்தால் நான் மகிழ்வேன்.

பணத்தை முடிந்தவரை வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். கணக்கு இல்லாதவருக்கு ரொக்கமாகக் கொடுத்து, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செய்த வேலைக்கான கூலி என்று எழுதிய ரசீதில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொள்ளுங்கள். சாட்சிக்கு அந்த மூப்பரையே அழையுங்கள். ஒடிசா இளைஞர்கள் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விடக்கூடும். எனவே அவர்களுடைய செல்பேசி எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இன்றே வாங்கிவையுங்கள்.

48,000 போக மேஸ்திரியின் பணத்தில் 12,000 உங்களிடம் மீதி இருக்கும். குளியலறைக் கசிவைப் பொறியாளர் ஒருவரிடம் காட்டி, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். புகைப்படமும் எடுத்து வையுங்கள். அந்தச் சண்டை உங்களுக்கும் மேஸ்திரிக்கும் இடையில்தான். அதைத் தாராளமாக நடத்துங்கள், அதில் தவறில்லை. அவரிடமிருந்து பதில் நோட்டீஸ் வந்தால் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள். என்ன பதில் எழுதுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.